பட்டினியைச் சாமியாக்காதே என்றவள்

செத்துப்போன பிள்ளை மேல் பழி போட்டுவிட்டு ஓடிப்போனவள் என்று தமிழ்வாணியைச் சொல்கிற வாய் எதுவாக இருந்தாலும் சரி, முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். சுபலட்சுமி களத்தில் விழுந்தபோது அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சில் போனது யார்? சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்த பிள்ளைகளா? கோப்பையை வேனில் ஏற்றிவிட்டு வாரேன் என்று நின்றுகொண்ட மொக்கைச்சாமியா? தமிழ்வாணிதான் போனாள். மதுரை வரைக்கும் அந்தப் பிள்ளையின் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போனாள். அவளுக்கா அந்தப் பிள்ளை மேல் பழி போட மனசு வரும்?

டீக்கடையில் பேசுகிறார்கள், ரேஷன் கடை வரிசையில் பேசுகிறார்கள். "கல்யாணம் காச்சி இல்லாதவ, பெத்த வயிறோட அருமை அவளுக்கு என்னா தெரியும்?" என்கிறார்கள். "நம்ம சாமிய அவ எதுக்கு மதிக்கப் போறா?" என்று குரலைத் தணித்துச் சொல்கிறார்கள். தணித்துச் சொல்வதிலேயே தெரிந்துவிடுகிறது, அவள் எந்தத் தெருவில் பிறந்தவள் என்பதைத்தான் சொல்ல வருகிறார்கள் என்று.

ஆமாம், அவள் அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு காலனியில் பிறந்தவள்தான். அவளுடைய தாத்தா கருப்பு அடுத்தவர் வயலில் நாள் பூராவும் குனிந்து கிடந்தவர். தமிழ்வாணி பள்ளிக்கூடத்தில் கபடி ஆடிய காலத்தில் காலையில் கடுங்காப்பி, மத்தியானம் சத்துணவு, அவ்வளவுதான். மூச்சுப் பிடித்துப் பாடிப் போவாள், பாதியில் கண் இருட்டிக்கொண்டு வரும். தனக்கு மூச்சு பத்தாது, தான் லாயக்கில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கல்லூரி விளையாட்டு விடுதியில் சேர்ந்து தட்டு நிறையச் சோறும் பருப்பும் முட்டையும் தின்று ஒரு மாசம் ஆன பிறகுதான் தெரிந்தது, குறை மூச்சில் இல்லை, வயிற்றில் என்று. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. கூட ஆடிய எத்தனை பிள்ளைகள் லாயக்கில்லை என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்து அழுதாள்.

அந்த அழுகையோடுதான் உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு டீச்சராக வந்தாள். நிரந்தர வேலை இல்லை. பள்ளிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒற்றை அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாள் மைதானத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டாள். "காலைல என்னடி சாப்பிட்டீங்க?"

"டீ, டீச்சர்."

"டீயும் வர்க்கியும்."

"பஸ் வந்துருச்சு டீச்சர், ஒண்ணும் சாப்பிடல."

"வண்டிக்கு டீசல் ஊத்தாம ஹாரன மட்டும் அடிச்சா ஓடுமாடி?" என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளும் டீயும் வர்க்கியுமாகத்தான் வந்தார்கள்.

அவள் விடவில்லை. பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வருவது கேவலமில்லை என்று சொன்னாள். சத்துணவு முட்டையில் மஞ்சள் கருவைத் தூர எறிகிற பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைத்தாள். "முகத்துல பரு வரும் டீச்சர்" என்று சிணுங்கினால், "பரு வந்தா போயிரும். முட்டி தேஞ்சா வருமா?" என்பாள். தண்ணீர் குடிக்கச் சொன்னால் மட்டும் ஒரு பிள்ளையும் குடிக்கவில்லை. என்ன காரணம் என்று பல நாள் கேட்டும் சொல்லவில்லை. கடைசியில் சுபலட்சுமிதான் அவள் காதோரம் வந்து சொன்னாள். "கக்கூஸ் கதவுக்குத் தாப்பா இல்ல டீச்சர். தண்ணி குடிச்சா போகணும்ல." அன்றைக்கே தமிழ்வாணி தாழ்ப்பாள் வாங்கிவந்து, தானே திருப்புளி பிடித்து முடுக்கினாள். அதன் பிறகுதான் பிள்ளைகள் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு வீட்டிலேயே முட்டை அவித்துக் கொண்டுபோனாள். சுபலட்சுமியும் அவளுடைய கூட்டாளி பவதாரிணியும் ஆளுக்கு ஒன்று தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார்கள். திங்கட்கிழமை தலைமை ஆசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு மூணு அம்மாமாருக வந்துட்டுப் போனாங்க தமிழ்வாணி. பிள்ளைகளுக்குக் குடு, வேணாங்கல. கடையில வாங்கிக் குடு. உன் வீட்ல செஞ்சு கொண்டாராத. ஊரு எப்படின்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அடுத்த சனிக்கிழமை வாழைப்பழமும் கடையில் வறுத்த கடலையும் வாங்கிப் போனாள். பழத்துக்குத் தோல் இருக்கிறது, கடலைக்கும் தோல் இருக்கிறது. தோலைத் தாண்டி அவள் கை உள்ளே போகாதாம். அன்றைக்கு அவள் விழுங்கிக்கொண்டது முட்டையை இல்லை, வாயை. அது பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

மொக்கைச்சாமியைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர். இப்போது கபடிக் குழு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராக நடக்கிற எடைப் போட்டிகளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் கூட்டிப்போவார். இத்தனை கிலோவுக்குள் இருக்கிறவர்கள் ஒரு பிரிவு, அதற்கு மேலே இன்னொரு பிரிவு. ஆட்டத்துக்கு முன்னால் நெல் மூட்டை நிறுக்கிற மேடையில் பிள்ளைகளை ஏற்றி நிறுத்துவார்கள். கூடினால் வெளியே போக வேண்டியதுதான். நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பது வீட்டுக்காரர்களின் ஆசை. அந்த ஆசையில் தப்பு இல்லை.

சுபலட்சுமி அவருடைய குழுவில் பாடிப் போகிற பிள்ளை. நீண்ட கால். எதிராளி பிடிக்க வந்தால் விலாங்கு மாதிரி நழுவிவிடுவாள். அந்த வருசம் அவள் திடீரென்று வளர்ந்தாள். பாவாடை ஏறியது, சட்டை இறுகியது, எடையும் கூடியது.

"ஏத்தா சுபா, ரெண்டு கிலோ தூக்கலா நிக்கிற. வாயக் கட்டு" என்றார் மொக்கைச்சாமி.

தமிழ்வாணி குறுக்கே விழுந்தாள். "பிள்ளை வளருதுண்ணே. வளர்ற பிள்ளைய எடைக்குத் தக்கன வெட்டித் தைக்க முடியுமா? மேல் பிரிவுல விடுங்க."

"மேல் பிரிவுல ஆள் ரொம்பியாச்சு தமிழு. இவ கீழ் பிரிவுல நின்னாத்தான் கப்பு. ஒனக்குப் பாடம் எடுக்கத் தெரியும், எனக்குக் கப்பு எடுக்கத் தெரியும். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்."

பக்கத்தில் நின்ற சுபலட்சுமி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் மனசுக்குள் எதை முடிவு செய்தாளோ.

பங்குனி பிறந்தது. ஊர் ஊராக முளைப்பாரி போடுகிற காலம். காப்புக் கட்டிய பெண்கள் விரதம் இருப்பார்கள். ஒரு நாள் பயிற்சி முடிந்து தமிழ்வாணி கடலையை நீட்டியபோது சுபலட்சுமி சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு மணிக்கட்டைக் காட்டினாள். மஞ்சள் கயிறு.

"காப்புக் கட்டிருக்கேன் டீச்சர். அத்தை ஊருச் சாமிக்கு. எங்கம்மாவுக்காக."

அவள் அம்மா ராக்கம்மாளுக்கு அப்போதுதான் வயிற்றில் ஆபரேஷன் முடிந்திருந்தது. மாட்டைப் பிடித்துக் கட்டக்கூட முடியாமல் படுத்திருந்தாள். அது எல்லாருக்கும் தெரியும்.

"தண்ணியாச்சும் குடிக்கலாம்லடி? வெயிலு இம்புட்டு அடிக்குது."

"பொழுது எறங்குன பெறகு குடிப்பேன் டீச்சர்."

வேறு எந்தச் சாக்குச் சொல்லியிருந்தாலும் தமிழ்வாணி விட்டிருக்க மாட்டாள். பஸ் வந்துருச்சு என்றால் சண்டை போடுவாள், பரு வரும் என்றால் கேலி செய்வாள். இது சாமி காரியம். அத்தை ஊர் எது, யார் கட்டிவிட்டது என்று நாக்கு நுனி வரைக்கும் கேள்வி வந்தது. கேட்டால், நாளைக்கு அது என்னவாகத் தெருவில் நடக்கும்? காலனிக்காரி நம் பிள்ளையின் விரதத்தைக் கலைத்தாள் என்று நடக்கும். நீட்டிய கை கடலையோடு திரும்ப வந்தது.

"அப்ப ஆட வேணாம்த்தா. விரதம் முடியட்டும்."

"அம்மாவுக்காகத்தான் டீச்சர் ஆடவே செய்றேன்."

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஊரில் போட்டி. தடுக்க முடியாத தமிழ்வாணி தானும் வேனில் ஏறிப் போனாள். எடை மேடையில் சுபலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் இருந்த ஊசியைக்கூட எடுத்துவிட்டு ஏறினாள். முள் கோட்டுக்குக் கீழே நின்றது. மொக்கைச்சாமி கை தட்டினார். "என் தங்கம்டி நீ!" பிள்ளை சிரித்தாள். உதட்டில் தோல் உரிந்திருந்தது.

உச்சி வெயிலில் ஆட்டம். முதலில் இரண்டு தடவை பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அடுத்த தடவை எதிராளிக் களத்தின் நடுவில் போய் அப்படியே நின்றுவிட்டாள். பாட்டு நின்றுபோனது. எதிராளிப் பிள்ளைகள் இது ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்துக் கிட்டே வரவில்லை, கையைக் கோத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். கூட்டம் விசிலடித்தது. தமிழ்வாணிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவள் கோட்டைத் தாண்டி ஓடுவதற்குள் பிள்ளை சரிந்துவிட்டது.

"உடம்புல தண்ணியே இல்லயேம்மா. எத்தன நாளா இப்படி இருந்தா?" என்று மதுரையில் டாக்டர் கேட்டார். விரதம் என்றாள் தமிழ்வாணி. டாக்டர் உள்ளே போனார். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது என்றார்கள். மறுநாள் விடிந்தபோது பிள்ளை இல்லை.

ஆபரேஷன் தையல் காயாத வயிற்றோடு ராக்கம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். மகளின் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்து, "இது என்னாத்தா?" என்று கேட்டாள். அவளுக்கு எதுவுமே தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் தருகிறார், சாப்பிட்டுவிட்டேன் என்றுதான் வீட்டில் மகள் சொல்லியிருந்தாள். கூட நின்ற பிள்ளைகள், "ஒங்களுக்காக விரதம் இருந்தாம்மா" என்றார்கள். அந்த ஒரு சொல்லை ராக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். "எனக்காகப் பட்டினி கெடந்தியாடி எந்தங்கமே" என்று அவள் கத்திய கத்தலைக் கேட்டவர்கள் யாரும் அதற்குப் பிறகு அந்த விரதத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க முடியாது.

இந்தப் பக்கத்தில் வயசுக்கு வந்த பிள்ளை கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்தால் கன்னியாக வைத்துக் கும்பிடுவது உண்டு. ராக்கம்மாளின் கொல்லை வரப்பில் ஒரு கல்லை நட்டு, பட்டுத்துணி சுற்றி, படம் வைத்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த போட்டிக்கு முன்னால் கபடிப் பிள்ளைகள் அங்கே வந்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். கட்டினால் எடை மேடை ஏறி இறங்குகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று யாரோ ஒரு விதியும் போட்டார்கள். "சுபா கூட நிப்பாத்தா, பயப்படாதீக" என்று மொக்கைச்சாமி மாலை வாங்கிப் போட்டார். அவர் மெனக்கெட்டு வாயைக் கட்டு என்று சொல்ல வேண்டிய வேலைகூட இல்லாமல் போயிற்று. சாமி பார்த்துக்கொண்டது.

மைதானத்தில் தமிழ்வாணி நீட்டியதை இப்போது ஒரு பிள்ளையும் வாங்குவதில்லை. எல்லார் மணிக்கட்டிலும் கயிறு.

ஒரு நாள் காலைப் பிரார்த்தனையில் பவதாரிணி மயங்கி விழுந்தாள். தமிழ்வாணி அவளை விளையாட்டுச் சாமான் அறைக்குத் தூக்கிப்போய், உப்பும் சீனியும் போட்டுத் தண்ணீர் கரைத்து வாயில் வைத்தாள். பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டது.

"குடிடி. செத்துப்போவ."

"சுபா கோவிச்சுக்குவா டீச்சர்."

"அவ ஏண்டி கோவிக்கப் போறா? இருந்தா அவளே ஊத்துவா."

பவதாரிணி டம்ளரைக் கையால் தள்ளினாள். பிறகு உடைந்தாள். "அவ காப்பெல்லாம் கட்டல டீச்சர். பூக்கடையில கயிறு வாங்கி நாந்தான் கட்டிவிட்டேன். நீங்க திங்கச் சொல்லிட்டே இருப்பீங்க, சாமின்னு சொன்னா விட்டுருவீங்கன்னு அவதான் சொன்னா. ரெண்டு கிலோ கொறையுற வரைக்குந்தான்னு சொன்னா டீச்சர்."

தமிழ்வாணி டம்ளரைத் தரையில் வைத்தாள். அவளுடைய பயத்தைப் போய்ச் சேர்ந்த பிள்ளை எவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்தது! ஊர் பயந்த பயம் இல்லை, டீச்சர் பயந்த பயம். அதற்குப் பின்னால்தான் அது ஒளிந்து நின்று செத்தது.

தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அந்தத் தாயப் பத்தி யோசிச்சியா? தனக்காகச் செத்தான்னு ஒரு நெனப்புலதான் அவ உசுரோட உக்காந்திருக்கா. அதையும் புடுங்கப் போறியா?"

அதைத்தான் தமிழ்வாணியும் நாள் கணக்காக யோசித்தாள். சும்மா இருந்தால் ராக்கம்மாளுக்கு மகள் மிஞ்சுவாள். பேசினால் மற்ற பிள்ளைகள் மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். தட்டில் வைத்த சோறு ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் கன்ன எலும்பைப் பார்ப்பாள். ஒரு தடவை வாயை விழுங்கியதற்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு தடவை விழுங்க அவளால் முடியவில்லை. இதைத்தான் ஊர் திமிர் என்கிறது.

அடுத்த பெரிய போட்டி அன்று காலை, கன்னிக்குப் பொங்கல் வைத்தார்கள். பிள்ளைகள் பனியன் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஊரில் பாதிக் கூட்டம். தமிழ்வாணி நேரே ராக்கம்மாள் முன்னால் போய் நின்றாள். கூட்டத்தைப் பார்த்து அவள் பேசவில்லை, அந்தத் தாயைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அக்கா, சுபா ஒங்க மேல உசுரா இருந்தா. அது நெசம். ஆனா அவ விரதம் இருக்கல. எடை கொறையணும்னு பட்டினி கெடந்தா. சாமி கேக்கல இத. இந்தப் பிள்ளைகளையும் கெடக்க விடாதீகக்கா. பட்டினியச் சாமியாக்காதீக."

ராக்கம்மாள் முகத்தைக் கல்லின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"செத்த பிள்ளையப் பொய்க்காரிங்கிறா, பாருங்கப்பா!" என்று மொக்கைச்சாமிதான் முதலில் கத்தினார். "யாரு சொன்னா ஒனக்கு?"

தமிழ்வாணி பவதாரிணியைப் பார்த்தாள். பெயரைச் சொல்லவில்லை, பார்க்க மட்டும் செய்தாள். அதற்குள் பவதாரிணியின் அப்பா மகளின் தோளில் கை வைத்துவிட்டார். "நான் ஒண்ணும் சொல்லலயே" என்று பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது. அதன் பிறகு யார் மண்ணை வாரினார்கள், யார் முதலில் எறிந்தார்கள் என்பதெல்லாம் இப்போது ஒருவருக்கும் ஞாபகம் இல்லையாம். ராக்கம்மாள் எறியவில்லை. அவள் கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வேன் கிளம்பிப் போயிற்று. எல்லாப் பிள்ளைகளும் ஏறித்தான் போனார்கள்.

ஆனால் ஒன்று. அதற்குப் பிறகு வந்த நாட்களில், எறிந்த அதே வீடுகளில், பிள்ளையை உட்கார வைத்து இரண்டு இட்லி உள்ளே போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சில அம்மாமார்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ஏன் என்று கேட்டால், சும்மாதான் என்பார்கள். எல்லா வீட்டிலும் இல்லை. கயிறு இன்னும் சில மணிக்கட்டுகளில் இருக்கத்தான் செய்கிறது. அவள் சொன்னது பொய் என்றால் உங்கள் பிள்ளை தின்கிறதா என்று நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள்? பொய் என்று வாய் சொல்கிறது, கை சோறு போடுகிறது. அவளைத் திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் திட்டட்டும்.

பள்ளிக்கூடத்தில் இனி வர வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரரும், வேறு ஆளுக்கு விடப்போகிறேன் என்றார். விடியுமுன்னே ஓடினாள் என்பது பொய். பள்ளிக்கூடம் மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே போன பிறகு, சந்தில் அத்தனை பேரும் வாசலில் நிற்கும்போதுதான் அவள் கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால் எதிரே ராக்கம்மாள் நின்றாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அம்புட்டுத் தூரம் நடந்து வந்திருந்தாள். அடிக்க வந்திருக்கிறாள் என்று எதிர்வீட்டுக்காரி நினைத்தாள். தமிழ்வாணியும் அப்படித்தான் நினைத்தாள், நகரவில்லை.

ராக்கம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"பசிக்குதுன்னு ஒங்கிட்ட எப்பயாச்சும் சொன்னாளா, டீச்சர்?"

"சொல்லலக்கா."

ராக்கம்மாள் இன்னும் ஏதோ வரும் என்று காத்து நின்றாள்.

"நானும் கேக்கலக்கா" என்றாள் தமிழ்வாணி.

ராக்கம்மாள் தலையை ஆட்டினாள். மன்னித்தாளா, சபித்தாளா என்று அந்தத் தலையாட்டலை வைத்து யாரும் சொல்ல முடியாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தமிழ்வாணி அவள் மேல் கால் படாமல் ஒதுங்கி இறங்கி, சந்தைக் கடந்து, உசிலம்பட்டி பஸ் வருகிற ரோட்டுக்குப் போனாள்.